அச்சமா, அடைப்பா? ஹைட்ரஜன் வாகனப் பரவல் மாதிரிகளில் விபத்தின் இடம்

2019இல் மூன்று வாரங்களுக்குள் மூன்று ஹைட்ரஜன் வெடிப்புகள் நிகழ்ந்தன. மே 23 அன்று தென்கொரியாவின் கங்நுங் நகரில் ஓர் ஆய்வு வளாகத்தின் சேமிப்புத் தொட்டிகள் வெடித்து இருவர் இறந்தனர். ஜூன் 1 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில், டேங்கர் வண்டிகளில் ஹைட்ரஜன் ஏற்றும் இடத்தில் வெடித்துத் தீப்பிடித்தது. ஜூன் 10 அன்று ஆஸ்லோவை அடுத்த சாண்ட்விகாவில் நிரப்பு நிலையம் ஒன்று வெடித்தது. பிந்திய இரண்டிலும் உயிரிழப்பு இல்லை.

உயிரிழப்பை அளவுகோலாகக் கொண்டால் கொரியாவில்தான் வாகன விற்பனை சரிந்திருக்க வேண்டும். அங்கோ அந்த ஆண்டு ஹைட்ரஜன் கார் விற்பனை முந்தைய ஆண்டைப் போல் பல மடங்காயிற்று. செப்டம்பரில் நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே நிரப்பு நிலையம் திறந்தார்கள். நார்வேயில் டொயோட்டாவும் ஹூண்டாயும் விற்பனையைத் தற்காலிகமாக நிறுத்தின. அதன்பின் அந்தச் சந்தை தலைதூக்கவேயில்லை. இந்த முரணை விளக்க இயலாத பரவல் மாதிரியால் கொள்கை வகுப்போருக்குப் பயனில்லை.

ஃபிராங்க் பாஸ் 1969இல் வெளியிட்ட மாதிரியில் புதுப்பொருளின் பரவலை இரண்டு கெழுக்கள் தீர்மானிக்கின்றன: ஒன்று தாமாக முன்வந்து வாங்குவோருக்கு, மற்றது பிறரைப் பார்த்து வாங்குவோருக்கு. மாற்று எரிபொருள் ஆய்வுகளில் இதனுடன் நுகர்வோர் தெரிவுச் சார்பையும் இணைப்பதுண்டு. பாதுகாப்பைச் சேர்க்க விரும்புவோர் ‘உணரப்படும் ஆபத்து’ என்றொரு கழிவை அச்சார்பில் போட்டு, அதன் மதிப்பைக் கேள்வித்தாள்கள் மூலம் கணிக்கிறார்கள். கேள்வித்தாளுக்குப் பதில் சொல்பவர்களில் பெரும்பாலோர் ஹைட்ரஜன் வண்டியில் ஏறியதே இல்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். விபத்து முதலில் தாக்குவது வாங்குபவரின் மனத்தை என்று கொள்வதே இங்குள்ள அடிப்படைப் பிழை. அது முதலில் தாக்குவது நிலையங்கள் இயங்கும் நாட்களை.

சாண்ட்விகா வெடிப்பின் காரணம் உயரழுத்தத் தொட்டியின் அடைப்பான் ஒன்றைப் பொருத்தியதில் நேர்ந்த தவறு: உள் திருகாணிகள் போதுமான அளவு முறுக்கப்படவில்லை. அதே தவறு அந்நிலையத்தை அமைத்த நிறுவனத்தின் வேறு இடங்களிலும் இருக்கலாம் என்பதால் அந்நிலையங்களும் நிறுத்திவைக்கப்பட்டன. நாட்டில் இருந்ததே விரல்விட்டு எண்ணக்கூடிய நிலையங்கள். கார் வைத்திருந்தவர் அஞ்சினாரா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை, எரிபொருள் கிடைக்கவில்லை. புதிதாக வாங்க நினைத்தவருக்கு மின்கார் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது: அந்த ஆண்டு நார்வேயில் விற்ற புதிய கார்களில் 42 விழுக்காடு முழு மின்கார்கள். சாண்டா கிளாராவிலோ நிலையம் எதுவும் சேதமடையவில்லை. வழங்கல் ஒரே மூலத்தைப் பெரிதும் நம்பியிருந்ததால் வட கலிஃபோர்னிய நிலையங்கள் மாதக்கணக்கில் தட்டுப்பாட்டில் தவித்தன. கங்நுங்கில் வெடித்தது மின்பகுப்பு ஆய்வுக்கான அமைப்பு. ஹைட்ரஜனுடன் ஆக்சிஜன் கலந்ததே காரணம். நிரப்பு நிலையங்களுக்கும் அதற்கும் பொதுவான உறுப்பு எதுவுமில்லை. நிலையங்கள் ஓடின, காரின் விலையில் ஏறத்தாழப் பாதியை அரசு மானியமாகத் தாங்கியது, வாங்குவோர் வாங்கினர்.

ஆகவே மாதிரியில் ஒவ்வொரு நிலையமும் தனித்தனியே பழுதாகும் என்று கொள்வது தவறு. ஒரே உற்பத்தியாளர், ஒரே வழங்கல் மூலம், ஒரே ஒப்பந்தக்காரர் எனத் தொகுதிகளாகப் பிரித்து, தொகுதி முழுவதும் ஒருசேர விழும் நிகழ்தகவைச் சேர்க்க வேண்டும். இன்றைய அளவீட்டு ஆபத்துக் கணிப்புகள் இதற்கு அதிகம் உதவா. ஹைட்ரஜனுக்கே உரிய தரவு குறைவு என்பதால் வேதித் தொழிற்சாலை, கடலோர எண்ணெய் மேடை போன்றவற்றின் கசிவுத் தரவுகளைக் கடன்வாங்கி பேய்சியன் முறையில் திருத்துகிறார்கள். வால்வு சராசரியாக எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை கசியும் என்பதை அது சொல்லும். ஒரே தவறு பல நிலையங்களில் ஒருங்கே புகுந்திருக்கும் வாய்ப்பை அது தொடுவதில்லை.

அச்சம் செல்லாக்காசு என்பது என் வாதமன்று. 2019இல் தென்கொரியாவின் இன்சோனில் எரிபொருள் மின்கல மின்நிலையம் ஒன்றைக் குடியிருப்போர் கடுமையாக எதிர்த்தனர். கவனிக்க வேண்டியது, எதிர்த்தவர்கள் வாங்குபவர்கள் அல்லர், அக்கம்பக்கத்தார். மாதிரியில் அச்சத்துக்கு உரிய இடம் நிலையத்துக்கு மனை கிடைக்கும் வேகத்தைக் குறிக்கும் சமன்பாடு. கார் வாங்குபவரின் தெரிவுச் சார்பில் அதை வைத்தால் கொரியாவையும் நார்வேயையும் சேர்த்து விளக்க முடியாது.

இந்திய அரசு 2025 மார்ச்சில் ஐந்து ஹைட்ரஜன் வாகன முன்னோடித் திட்டங்களை அறிவித்தது: 37 பேருந்துகளும் லாரிகளும், 9 நிரப்பு நிலையங்கள். பாதுகாப்பை மெய்ப்பிப்பதும் இவற்றின் நோக்கங்களில் ஒன்று. 37 வண்டிகளும் ஓராண்டு விபத்தின்றி ஓடினாலும், ஒரு வண்டிக்கான ஆண்டு விபத்து வாய்ப்பு சுமார் 8 விழுக்காட்டுக்கு மேல் இராது என்று மட்டுமே 95 விழுக்காடு நம்பகத்தோடு சொல்லலாம். எந்த நகராட்சியும் ஏற்காத அளவுக்குத் தளர்வான உச்சவரம்பு அது. அந்த 9 நிலையங்களில் எத்தனை ஒரே நிறுவனத்தின் அழுத்திகளையும் தொட்டிகளையும் கொண்டவை, எத்தனைக்கு ஒரே இடத்திலிருந்து வாயு வருகிறது என்பதை வண்டி ஓடும் முன்பே எண்ணிவிடலாம். திட்ட அறிக்கைகளில் முதலில் கேட்டு வாங்க வேண்டிய அட்டவணை அதுதான்.