அடையாள அட்டையின் கடைசி எழுத்து

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

சில வருடங்களுக்கு முந்திய ஒரு தேர்தல். எனக்கு வாக்குச்சாவடிக் கடமை. ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. நாம் படிப்பிக்கிற அதே வகுப்பறை, அதே வாங்கு மேசை, சுவரில் பிள்ளைகள் ஒட்டிய அதே படங்கள். அன்றைக்கு மட்டும் அது வாக்குச்சாவடி. காலை பத்து மணி இருக்கும், ஒரு மூத்தம்மா வந்தா. கையில் வாக்காளர் அட்டை. பெயரும் தொடரிலக்கமும் இடாப்பில் சரியாக இருந்தன. அடையாள அட்டையைக் கேட்டோம். சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, எட்டாய் மடித்த ஒரு போட்டோக் கொப்பியை எடுத்து நீட்டினா.

கொப்பி செல்லாது. தலைமை தாங்கும் அலுவலர் நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார்.

"பேர் இரிக்குதானே புள்ள? நான்தானே வந்து நிக்கன்? பொறகென்ன?" என்று என்னைப் பார்த்துக் கேட்டா.

அவவைத் தெரியாதவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை. கட்சி முகவர்களுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்த ஒரு மனிசி, தான் யார் என்று நிரூபிக்க முடியாமல் வெளியே போனா. போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுவிட்டு, திரும்ப வந்து சரியாய்ப் போட்டுக்கொண்டு போனா. அந்தக் காட்சி என் மனதை விட்டுப் போகவில்லை. இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று நான் தேடி வாசிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

இந்த நாட்டில் வோட்டு என்பது முதலில் ஆங்கிலம் படித்த ஆண்களின் சொத்தாக இருந்தது. 1833 இல் சட்டநிரூபணசபை வந்தபோது அதிலிருந்த இலங்கையர் எல்லாரும் ஆளுநர் நியமித்தவர்கள்தான். முஸ்லிம்களுக்கென்று ஓர் உறுப்பினர் கிடைத்தது 1889 இல். எம்.சி. அப்துல் ரஹ்மான் நியமிக்கப்பட்டார். 1911 டிசம்பரில்தான் "படித்த இலங்கையர்" ஆசனத்துக்கு முதன்முதலாக வாக்கெடுப்பு நடந்தது. முழு நாட்டிலும் அதற்கு வாக்குப்போடத் தகுதி பெற்றவர்கள் மூவாயிரம் பேரளவில்தான். பொன்னம்பலம் இராமநாதன் வென்றார். 1924 இல் வாக்காளர் தொகை இரண்டு இலட்சத்தைத் தொட்டாலும், அது சனத்தொகையில் நூற்றுக்கு நான்குதான். எழுத வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும், வருமானம் அல்லது சொத்து இருக்க வேண்டும், ஆணாக இருக்க வேண்டும். அந்தத் தேர்தலில் முஸ்லிம் வாக்காளர்கள் தனியாக மூன்று முஸ்லிம்களைத் தெரிவுசெய்தார்கள்: மாக்கான் மாக்கார், என்.எச்.எம். அப்துல் காதர், டீ.பீ. ஜாயா.

பிறகு 1927 நவம்பரில் டொனமூர் ஆணைக்குழு வந்து இறங்கியது. கதை சூடு பிடிப்பது இங்கேதான்.

இலங்கைத் தலைவர்களில் அநேகம் பேர் ஆணைக்குழுவிடம் சர்வசன வாக்குரிமை கேட்கவே இல்லை. இருக்கிற தகுதியைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும் என்பதே அவர்களுடைய நிலைப்பாடு. இராமநாதன் கடுமையாக எதிர்த்தார். 1930 இல் மௌத்தாகும்வரை அவர் அந்த நிலையை விடவில்லை. தொழிலாளர் தலைவர் ஏ.ஈ. குணசிங்க கேட்டார். பெண்களுக்காக, 1927 டிசம்பரில் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கம் கேட்டது. அச்சங்கத்தின் சார்பில் போன அக்னஸ் டி சில்வாவிடம், தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் இது வேண்டுமா என்று ஆணைக்குழு கேட்டிருக்கிறது. ஓம், அவர்களும் பெண்கள்தானே என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். படித்த, வசதியான குடும்பத்துப் பெண் ஒருவர் அந்த இடத்தில் வேறு பதில் சொல்லியிருந்தாலும் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

பெண்களுக்கு முப்பது வயதிலிருந்து கொடுக்கலாம் என்பதே ஆணைக்குழுவின் யோசனை. கடைசியில் ஆண், பெண் இருபாலாருக்கும் 21 என்று வந்தது. 1929 டிசம்பரில் டொனமூர் திட்டம் சட்டநிரூபணசபையில் 19க்கு 17 என்ற வாக்குகளால் நிறைவேறியது. இரண்டே வாக்கு வித்தியாசம். சிறுபான்மை உறுப்பினர்களில் பெரும்பாலானோர் எதிர்த்தார்கள். இனவாரிப் பிரதிநிதித்துவம் போனால் நம்மவர் ஒருவரும் உள்ளே போகமாட்டார்கள் என்ற பயம்.

அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. 1931 ஜூனில் முதலாவது அரசாங்க சபைத் தேர்தல். 50 தொகுதிகள். வென்ற முஸ்லிம் ஒரே ஒருவர், அதுவும் நமது பக்கத்திலிருந்து. மட்டக்களப்புத் தெற்கில் நின்ற மாக்கான் மாக்கார். அமைச்சரும் ஆனார். 1936 பொதுத் தேர்தலில் அந்த ஒருவரும் இல்லை. ஜாயாவும் ஏ.ஆர்.ஏ. ராசிக்கும் நியமன உறுப்பினர்களாகத்தான் போனார்கள். ஆகவே கணக்குப் பார்த்தால் எதிர்த்தவர்கள் சொன்னது நடந்தது.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி உண்டு. 1924 இல் அந்த மூன்று பேரைத் தெரிவுசெய்த முஸ்லிம்கள் யார்? கடலுக்குப் போனவரா? வயலில் முள்ளிக்காரனாய் நின்றவரா? பாய் இழைத்த பெண்ணா? வோட்டு விரிவதை எதிர்த்துப் பேசியவர்கள் எல்லாரும் ஏற்கனவே வோட்டு வைத்திருந்தவர்கள். எழுத்து வாசனை இல்லாத நமது மூதாதையர்கள் ஆட்களாகக் கணக்கில் வந்தது 1931 இல்தான். பதினைந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இடாப்பில் வந்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக வேட்பாளருக்கு ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. பச்சைப் பெட்டி, சிவப்புப் பெட்டி என்று பார்த்துச் சீட்டைப் போட்டார்கள். சின்னங்கள் வந்தது அதற்குப் பிறகு.

"சர்வசன" வாக்குரிமை என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். நானும் அப்படித்தான் படிப்பித்து வந்தேன். 1931 கட்டளைச் சட்டத்தை வாசித்தபோதுதான் அந்தச் "சர்வ"த்துக்குள் ஒரு வேலி இருப்பது தெரிந்தது. இலங்கையை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவருக்குத்தான் நேரே வாக்குரிமை. மற்றவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, பழைய மாதிரி எழுத்தறிவும், மாதம் 50 ரூபாய் வருமானம் அல்லது அதற்குரிய சொத்தும். மற்றது, ஐந்து வருடம் இங்கிருந்து, இங்கேயே நிலையாய் இருக்கப்போவதாகச் சொல்லி, வேறு அரசாங்கத்தின் விசேட பாதுகாப்பு எதையும் கோரமாட்டேன் என்று எழுதிக்கொடுத்துப் பெறும் ஒரு சான்றிதழ். தோட்டத்துத் தமிழரை மனதில் வைத்துப் போட்ட வேலி இது. ஆனால் கொழும்பிலும் நமது கடைத்தெருக்களிலும் இருந்த இந்திய முஸ்லிம் வியாபாரிகள், நம்மவர்கள் சம்மான்காரர் என்று சொன்னவர்கள், அவர்களும் இதே வேலிக்கு அந்தப் பக்கம்தான் நின்றார்கள்.

1948 இல் வேலி மதிலானது. அந்த வருடத்து 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், பிறப்பால் பிரசையாக வேண்டுமானால் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டன், பூட்டன் ஆகியோரின் பிறப்பைக் காட்ட வேண்டும் என்றது. பதிவே இல்லாத காலத்துப் பிறப்பை எந்தக் கடதாசியில் காட்டுவது? 1949 இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. "பாகிஸ்தானிய" என்ற சொல்லைக் கவனியுங்கள். அதே வருடம் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரசைகளுக்கு மட்டும்தான் வோட்டு என்றது. 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. 1952 இல் ஒன்றும் இல்லை. றுவன்வெல்லைத் தொகுதியிலிருந்து கோடகன் பிள்ளை என்பவர் தன் பெயரை இடாப்பில் சேர்க்கவேண்டும் என்று வழக்காடி, இலண்டன் கோமறைக் கழகம் வரை போனார். 1953 இல் அங்கும் தோற்றார்.

இதில் நமக்குக் கசப்பான ஒரு விடயம் உண்டு, மறைக்க விருப்பமில்லை. அந்தச் சட்டங்கள் வந்தபோது ஜாயா அமைச்சரவையில் இருந்தார். 1947 இல் கல்முனையில் எம்.எஸ். காரியப்பர், பொத்துவிலில் எம்.எம். இப்ராஹீம் என்று நமது ஆட்கள் பாராளுமன்றம் போய்ச் சந்தோசமாக இருந்த காலம் அது. ஜாயாவின் கல்விப் பணிக்கு நான் கடமைப்பட்டவள். ஆனாலும், பதினெட்டு வருடத்துக்கு முன் சிறுபான்மைக்கு அநியாயம் நடக்கும் என்று பயந்த தலைமுறை, இன்னொரு சிறுபான்மையின் வோட்டுப் பறிபோனபோது அரசாங்கத்தின் பக்கத்தில் அமர்ந்திருந்தது என்பதை எழுதாமல் வரலாறு எழுத முடியாது. 1964 இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் அந்த மக்களைக் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். கடைசி மிச்சம் தீர்ந்தது 2003 சட்டத்தோடுதான்.

வயது 21 இலிருந்து 18 ஆனது 1959 இல். அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

இனி ஐ.சி. விடயம். 1968 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்படி அடையாள அட்டை விநியோகம் 1972 இல் தொடங்கியது. படம் பிடிக்க வெட்கப்பட்டு, இது கூடுமா கூடாதா என்று கேட்டு, பிந்திப்போய் எடுத்த பெண்கள் நமது ஊரில் எத்தனை பேர் என்று வீட்டில் உள்ள மூத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். பழைய இலக்கத்தை வைத்து நான் வகுப்பில் ஒரு விளையாட்டுக் காட்டுவேன். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டல். 532 என்றிருந்தால் பெப்ரவரி முதலாந் திகதி பிறந்த பெண். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் உம்மாவின் பிறந்த நாளைக் கண்டுபிடித்து வருவார்கள். கடைசியில் இருக்கும் ஆங்கில எழுத்து வீ. வாக்காளர் என்பதன் முதலெழுத்து அது. வாக்காளர் அல்லாதவருக்கு எக்ஸ். ஒரு மனிதரின் முழு வாக்குரிமை வரலாறும் அந்த ஒற்றை எழுத்தில் இருந்தது.

ஆனாலும் வாக்குச்சாவடியில் அந்த அட்டையைக் கட்டாயம் காட்டவேண்டும் என்றில்லை. பெயரைச் சொன்னால், முகவர்கள் ஆட்சேபிக்காவிட்டால், சீட்டுக் கிடைக்கும். அதனால் நடந்தது நமக்குத் தெரியும். மௌத்தானவர்கள் வோட்டுப் போட்டார்கள். சவூதியில் இருந்தவர்கள் ஊரில் வோட்டுப் போட்டார்கள். காலையில் போனவருக்கு, உங்கட வோட்டுப் போட்டாயிற்று என்று சொன்னார்கள். நம்மவர்கள் செய்யவில்லை என்று யாரும் கைநெஞ்சில் வைத்துச் சொல்ல முடியாது. அதைத் தடுக்கத்தான் 2004 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தேர்தல்கள் விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. அடையாளம் காட்டாதவருக்குச் சீட்டு இல்லை. நான் அந்தச் சட்டத்துக்கு எதிரானவள் இல்லை. கள்ள வோட்டும் ஒருவருடைய உரிமையைப் பறிப்பதுதான்.

சட்டம் வந்தது 2004 இல். அதே வருடம் டிசம்பர் 26 இல் கடல் வந்தது. மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை அலுமாரியோடு போன ஐ.சி. எத்தனை, பிறப்புச் சான்றிதழ் எத்தனை? நடமாடும் சேவைகள் வைத்துத் திரும்பக் கொடுத்தார்கள்தான். வரிசையில் நிற்க ஆள் இல்லாத வீடுகளுக்கு அது போய்ச் சேரவில்லை. நான் மேலே சொன்ன மூத்தம்மாவின் அட்டையும் அன்றைக்குப் போனதுதான். யாரோ ஒரு நிவாரண விண்ணப்பத்துக்கு முன்பு எடுத்த கொப்பி மட்டும் உறவினர் வீட்டில் மிஞ்சியிருந்தது.

கடதாசியும் இடமும் வேறு வேறாய்ப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு வடக்கு முஸ்லிம்களைப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டவர்கள் புத்தளத்தில் பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டார்கள். இடாப்பில் பெயர் எங்கே இருக்கவேண்டும்? வாழ்கிற இடத்திலா, திரும்பிப் போக ஆசைப்படுகிற இடத்திலா? இடம்பெயர்ந்தோர் பழைய ஊரில் பதிய 2013 இல் 27 ஆம் இலக்கத்தில் ஒரு விசேட சட்டமே தேவைப்பட்டது. 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள். புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வோட்டுப் போடப் போன பஸ்களுக்குத் தந்திரிமலையில் வைத்துக் கல்லெறிந்து, துப்பாக்கியாலும் சுட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், உயிரிழப்பு இல்லை.

மூத்தம்மாவின் கதைக்கு வருகிறேன். தேர்தல் முடிந்து ஒரு வாரத்தில் அவவின் பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஜீ.எஸ். இடம் போனோம். பிறப்புப் பதிவைத் தேடி எடுக்கவே மாதங்கள் ஆகின. பொலிஸ் முறைப்பாடு, படம், விண்ணப்பம், திருப்பி அனுப்பியது, திரும்பவும் விண்ணப்பம். புது அட்டை வந்தது பன்னிரண்டு இலக்கத்தோடு. இப்போதைய அட்டைகளில் அந்த வீ இல்லை. அடுத்த தேர்தலில் எனக்கு வேறு ஊரில் கடமை. பின்னேரம் பேத்தி வட்சப்பில் மை பூசிய விரலின் படம் ஒன்று அனுப்பினா.

இப்போது ஊரவர்களுக்கு. வாக்காளர் அட்டை அடையாள ஆவணம் அல்ல. அது இல்லாமலும் வோட்டுப் போடலாம், இடாப்பில் பெயர் இருந்தால். செல்லுபடியாகும் அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை, இதில் ஒன்று கட்டாயம் வேண்டும். ஒன்றும் இல்லாதவர்களுக்குத் தற்காலிக அட்டை தருவார்கள். ஆனால் அதற்குத் தேர்தலுக்கு முன்பே ஜீ.எஸ். மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அன்றைக்குக் காலையில் ஓடி ஒன்றும் நடக்காது. இடாப்பு வருடா வருடம் புதுப்பிக்கப்படுகிறது. கலியாணம் முடித்து வீடு மாறிய பிள்ளைகளின் பெயர்தான் அதிகம் விடுபடுகிறது. படத்தில் முகம் மங்கிப்போன பழைய அட்டை வைத்திருக்கும் உம்மாமார், மூத்தம்மாமார் வீட்டில் இருந்தால் எனக்கு இன்பொக்ஸில் எழுதுங்கள். பாடசாலை விட்ட பிறகு, அசருக்கு முன் வீட்டில்தான் இருப்பேன். படிவம் நிரப்பித் தருகிறேன்.