சாலையோர மரங்களால் வாகன ஓட்டிகளுக்கு ஆபத்து: காரணங்களும் தடுப்பு வழிகளும்

பெங்களூரு: கோடை மழை பெய்யும் ஏப்ரல், மே மாதங்களிலும் தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்திலும் பெங்களூருவில் சாலையோர மரங்கள் முறிந்து விழுவது ஆண்டுதோறும் நிகழ்கிறது. ஹலசூரு ஏரிக்கு அருகிலுள்ள ஜோகுபாளையம் பகுதி மக்களுக்கும் இது புதிதல்ல.

கடந்த 2024 ஜூன் 2 அன்று நகரில் 111.1 மி.மீ. மழை பதிவானது. ஜூன் மாதத்தில் ஒரே நாளில் இவ்வளவு மழை பெய்தது 133 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. ஜோகுபாளையத்துக்கு அருகிலுள்ள டிரினிட்டி, எம்.ஜி. சாலை நிலையங்களுக்கு இடையே தண்டவாளத்தில் மரம் விழுந்ததால் மெட்ரோ ரயில் சேவையும் தடைபட்டது. 2025 ஜூனில் தெற்கு பெங்களூருவில் கிளை விழுந்து காயமடைந்த இருசக்கர வாகன ஓட்டி ஒருவர் சில நாள்களில் உயிரிழந்தார்.

மரங்கள் விழுவது ஏன்?

1980-களில் வனத்துறை அதிகாரி எஸ்.ஜி. நெகின்ஹால் தலைமையில் நகரில் சுமார் 15 லட்சம் மரக்கன்றுகள் நடப்பட்டன. நகரின் நிழலுக்கு அம்முயற்சி பெரிதும் காரணமானது. எனினும், வேகமாக வளரும் குல்மொஹர், பெருங்கொன்றை போன்ற மரங்களின் கிளைகள் பலத்த காற்றில் எளிதில் முறியக்கூடியவை.

மரத்தின் இயல்பைவிட மனிதர்களின் செயல்களே பெரும் கேடு விளைவிக்கின்றன. வடிகால், குடிநீர்க் குழாய், கேபிள் ஆகியவற்றுக்காகப் பள்ளம் தோண்டும்போது வேர்கள் வெட்டப்படுகின்றன. அடிமரம் வரை கான்கிரீட் பூசப்படுவதால் நீரும் காற்றும் வேருக்குச் செல்வதில்லை. மின்கம்பிக்காக ஒருபுறக் கிளைகளை மட்டும் வெட்டினால் எடை மறுபுறம் சாய்ந்து, மரம் நிலைகுலைகிறது.

சட்டமும் தீர்வும்

கர்நாடக மரங்கள் பாதுகாப்புச் சட்டம், 1976-இன்படி மரத்தை வெட்ட மர அலுவலரின் அனுமதி தேவை. பட்டுப்போன, நோயுற்ற அல்லது உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தான மரங்களை அகற்ற விண்ணப்பிக்கலாம்.

ஆபத்தைக் குறைக்க எல்லா மரங்களையும் வெட்ட வேண்டியதில்லை. மழைக்காலத்துக்கு முன்பே மரங்களை ஆய்வு செய்து, உலர்ந்த கிளைகளை அகற்றி, எடை சமமாக இருக்கும்படி கவாத்து செய்வதே முதல் பணி. அடிமரத்தைச் சுற்றி 1 மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லி தொடர்பான வழக்கில் உத்தரவிட்டது. இது பிற நகரங்களுக்கும் பொருந்தும் நடைமுறையாகும்.

நெடுஞ்சாலைகளில் வாகனம் அடிமரத்தில் மோதுவதே முதன்மையான ஆபத்து. தமிழக நெடுஞ்சாலைப் புளியமரங்களில் காணப்படும் வெள்ளை, கறுப்புப் பட்டைகள் இரவில் மரத்தை அடையாளம் காண உதவுகின்றன. வளைவுகளில் ஒளிர்பட்டைகளும் தடுப்புவேலிகளும் கூடுதல் பாதுகாப்பு தரும்.

வாகன ஓட்டிகள் கவனிக்க வேண்டியவை

* பலத்த காற்றின்போது மரத்தடியில் ஒதுங்குவதையும் வாகனத்தை நிறுத்துவதையும் தவிர்க்க வேண்டும்.

* அடிமரத்தில் காளான், பொந்து, புதிய விரிசல், வேரருகே மண் பிளவு, திடீர்ச் சாய்வு ஆகியவை தென்பட்டால் 1533 என்ற மாநகராட்சி உதவி எண்ணில் தெரிவிக்கலாம்.

* மின்கம்பியுடன் விழுந்த மரத்தை நெருங்கக் கூடாது. பெஸ்காம் நிறுவனத்தை 1912 என்ற எண்ணிலும், அவசர உதவியை 112 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

* மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், மரம் விழுந்து வாகனத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காது. முழுமையான காப்பீடு தேவை. வாகனத்தை அகற்றுவதற்கு முன் படம் எடுத்து, நிறுவனத்துக்கு உடனே தகவல் அளிக்க வேண்டும்.

விழுந்த மரத்தை அகற்றும் பணி சில மணி நேரத்தில் முடிந்துவிடும். விழக்கூடிய மரத்தை முன்கூட்டியே கண்டறியும் பணியோ ஆண்டு முழுவதும் நடைபெற வேண்டியதாகும்.