ஓஸ்தியும் வேபர்சும்: ஒரு மாணவன் கேட்ட கேள்வி

அல்லைப்பிட்டி உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 8 ஆங்கிலப் பாடத்தில் தின்பண்டங்களின் பெயர்கள் படித்துக்கொண்டிருந்தோம். 'வேபர்' என்று பலகையில் எழுதினேன். ஒரு மாணவன் அகராதியைப் புரட்டிவிட்டு எழும்பினான். "சேர், இதிலை ரெண்டு கருத்துப் போட்டிருக்கு. ஒண்டு கடையிலை விக்கிற வேபர்ஸ். மற்றது கோயிலிலை குடுக்கிற ஓஸ்தி. அப்ப ஓஸ்தியும் விசுக்கோத்துத்தானோ?"

வகுப்பே சிரித்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய தம்பி இந்த வருடம் முதல் நன்மை பெற இருக்கிறான்.

நான் முஸ்லிம். இன்னொருவர் புனிதமாக வைத்திருக்கும் பொருளைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேச எனக்கு உரிமையில்லை. கேள்வி கேட்டவனை ஏசவும் மனமில்லை. அவன் அகராதியில் உள்ளதைத்தான் கேட்டான். "நாளைக்குச் சொல்லுறன்" என்றேன். மறுநாள் வகுப்பில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேபர் என்ற சொல் நோர்மன் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆனால் அதன் வேர் ஜேர்மானிய மொழிகளில் இருக்கிறது. ஒல்லாந்த மொழியில் அது 'வாஃபல்'. தேன்கூட்டைக் குறிக்கும் பழைய சொல்லோடும், நெய்தலைக் குறிக்கும் சொல்லோடும் அதற்கு உறவு உண்டு. அந்தக் காலத்தில் நீளக் கைபிடி போட்ட இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே மாக்கரைசலை ஊற்றி நெருப்பில் பிடித்துச் சுடுவார்கள். தகட்டில் வெட்டிய கட்டங்கள் பண்டத்தில் பதியும். பார்த்தால் தேன்கூடு மாதிரி இருக்கும். இன்றைக்கும் ஒரு வேபர்சைத் திருப்பிப் பாருங்கள், அந்தக் கட்டங்கள் இருக்கின்றன.

இந்தச் சொல் பிறகு மெல்லிய தட்டையான பொருட்களுக்கெல்லாம் போனது. கோந்து தடவிய கடித உறை வருமுன், கடிதத்தை மடித்து ஒட்டப் பயன்பட்ட சிறிய மாவட்டும் வேபர்தான். இன்று உங்கள் கைபேசிக்குள் இருக்கும் சில்லுகளை வெட்டி எடுக்கிற, 300 மில்லிமீற்றர் விட்டமும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பும் கொண்ட சிலிக்கன் தட்டும் வேபர்தான். தேவாலயத்தில் கொடுக்கும், கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுட்ட புளிப்பில்லாத மெல்லிய அப்பத்துக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். அந்தப் பெயர் உருவத்தை மட்டுமே சொல்கிறது.

ஓஸ்தி அப்படியல்ல. அது போர்த்துக்கேயரின் 'ஒஸ்தியா'. இலத்தீனில் அதன் பொருள் பலிப்பொருள். ஹஜ்ஜுப் பெருநாளில் நாங்கள் கொடுப்பதைக் குர்பான் என்கிறோம். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் தங்கள் திருப்பலியைக் 'குர்பானா' என்கிறார்கள். இறைவனை நெருங்குவதற்காகக் கொடுப்பது என்பதுதான் அந்த வேர். நம்பிக்கைகள் வேறு வேறு. ஆனால் மதிப்போடு பேசுவதற்கு ஒரு சொல் போதும்.

இனி எங்கள் தீவுக்கு வருவோம். போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள். பாண், விசுக்கோத்து, மேசை, கதிரை, அலுமாரி என்று எத்தனையோ சொற்கள் அவர்களுடையவை. 1658 இல் ஒல்லாந்தர் வந்தார்கள். 'வாஃபல்' என்ற சொல்லை வீட்டில் பேசியவர்கள் அவர்கள்தான். எங்கள் வேலணைத் தீவுக்கு 'லைடன்' என்று தங்கள் நாட்டு நகரத்தின் பெயரையும் வைத்தார்கள். அவர்களே கத்தோலிக்க குருமாரையும் திருப்பலியையும் தடைசெய்தார்கள்.

1687 இல் கோவாவிலிருந்து புனித யோசப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். சில்லாலையில் தங்கி, இரவுகளில் வீடுகளுக்குள் மறைவாகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். பிடிபட்டால் தண்டனை என்று தெரிந்தும் சனம் போனது. கத்தோலிக்கர் மீதான தடைகளை 1806 இல் ஆங்கிலேயர் நீக்கியபோது ஓஸ்தி என்ற சொல் இங்கே உயிரோடு இருந்தது. லைடன் என்ற பெயரை இன்று யார் சொல்கிறார்கள்? ஒல்லாந்தரின் 'கந்தோர்' தமிழில் ஒட்டிக்கொண்டது. 'வாஃபல்' அவர்களிடமிருந்து எங்களுக்கு வரவில்லை. அதன் ஒன்றுவிட்ட தம்பி 'வேபர்' வெகுகாலம் கழித்து ஆங்கிலத்தின் வழியாக, விசுக்கோத்துப் பைக்கற்றில் வந்து சேர்ந்தது.

அதிகாரம் வைத்த பெயர் போய்விட்டது. அதிகாரம் தடுத்த சொல் நிலைத்துவிட்டது. காரணம், சனம் அதை வாயில் வைத்திருந்தது.

இதில் எனக்கொரு சொந்தக் கதையும் உண்டு. ஒல்லாந்தரின் நெருக்கடியால் வாஸ் அடிகளார் 1690 இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் புத்தளம் போனார். சரியாக 300 வருடங்களுக்குப் பிறகு, 1990 ஒக்டோபர் 30 இல், யாழ்ப்பாணம் சோனகதெருவிலிருந்து என் உம்மாவும் வாப்பாவும் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேறினார்கள். அவர்களும் போய்ச் சேர்ந்தது புத்தளம். நான் பிறந்தது அங்கேதான். கொண்டுபோன பொருள் ஒரு கைப்பை. கொண்டுபோன பேச்சு முழுவதும் யாழ்ப்பாணம். "இருங்கோ, சாப்பிடுங்கோ" என்று உம்மா சொல்லும்போது நாங்கள் எந்த ஊர் என்று அயலவருக்கு உடனே தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். நான் மாற்றிக்கொள்ளப் பார்த்தேன். உம்மா மாற்றவில்லை. கல்வியியற் கல்லூரி முடித்து இந்தத் தீவுக்கு நியமனம் கிடைத்து வந்தபோது, முதல்நாள் ஒரு தாய் வாசலில் "வாங்கோ சேர், இருங்கோ" என்றார். உம்மாவின் குரல் மாதிரியே இருந்தது.

இடம்பெயர்தல் என்றால் என்ன என்று இந்த ஊருக்கு நான் விளக்கத் தேவையில்லை. வீடு, காணி, உறுதி எல்லாவற்றையும் விட்டுப் போனவர்களிடம் கடைசியில் மிஞ்சுவது சொற்கள்தான்.

கேள்வி கேட்ட மாணவனிடம் சொன்னேன்: "அகராதி பிழையில்லை தம்பி. மாவும் தண்ணியும் ஒண்டுதான். ஆனா ஒரு சொல்லை ஆர், எந்த நேரத்திலை, எவ்வளவு இழந்து காப்பாத்தினவை எண்டது அகராதியிலை இருக்காது. அதைப் பக்கத்திலை இருக்கிறவரைக் கேட்டுத்தான் அறியோணும்."

அவன் திரும்பி முன்வரிசைப் பிள்ளையைப் பார்த்தான். "தம்பிக்கு எப்ப முதல் நன்மை?" என்று கேட்டான். அவள் திகதியைச் சொன்னாள். அன்றைக்கு அந்தப் பாடம் அத்தோடு முடிந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மட்டும் சொல்லும் பழைய சொற்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு கொப்பியில் பதிந்து வைப்போம்.