பசுமையை எதைக் கொண்டு அளப்பது?

நகரத்துப் பசுமைக்குத் தரம் வேண்டும் என்பது பேராக்கிற்குப் புதிய பேச்சு அல்ல. தைப்பிங் ஏரிப் பூங்கா ஒரு காலத்தில் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கம். 1880-களில் அதைப் பொதுப் பூங்காவாக்கினார்கள். தோண்டிய பள்ளங்கள் ஏரிகளாயின. அன்று நட்ட தூங்குமூஞ்சி மரங்கள் இன்று சாலையைத் தாண்டிக் கிளை நீட்டித் தண்ணீரைத் தொடுகின்றன.

1976-இல் நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் வந்தது. வீடமைப்புத் திட்டங்களுக்கு 10 விழுக்காடு திறந்தவெளி என்பது வழக்கமான விதி. ஈப்போவைச் சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்கள் தாமான்களானபோதும் இதே கணக்குத்தான். ஆனால் பரப்பளவு நிழல் தருமா? கால்வாய் ஓரத்தில் மிஞ்சிய துண்டு நிலத்தில் ஓர் ஊஞ்சல். ஏட்டில் அதுவும் பசுமைதான்!

மரத்தையே அளக்கச் சொன்னது 1995-இல் வந்த திருத்தம். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் இருந்தால், ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வெட்டக்கூடாது. பட்ட மரத்துக்கும் ஆபத்தான மரத்துக்கும் விலக்கு உண்டு. சுற்றளவு நம்மவருக்குத் தெரியாத கணக்கா? ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் பருத்தால்தானே பால் மரத்தில் கத்தி வைப்பார்கள்!

சிக்கல் வேறிடத்தில். தோட்டத்தை மொட்டையடித்தபின் நடும் கன்று 0.8 மீட்டரைத் தொடப் பல ஆண்டுகள் ஆகும். தனிப் பாதுகாப்பு ஆணை இல்லையென்றால் அதுவரை அதற்கு இந்தச் சட்டத்தின் காவல் இல்லை. உங்கள் தாமானின் திறந்தவெளி எங்கே, அதில் எத்தனை மரம் என்று ஊராட்சி மன்றத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.