வீட்டுக் கணினியில் யூனிக்ஸ்: லினக்ஸ் நிறுவல் முறைகளின் தொடக்க வரலாறு (1991–1994)

முன்னுரை

லினக்ஸின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் பயனர்களுக்கு விடுத்த அறிவிப்பில் தொடங்கி, கருநிரலின் பதிப்பெண்களை வரிசைப்படுத்திச் செல்கின்றனர். கருநிரல் என்பது வன்பொருளுக்கும் பிற நிரல்களுக்கும் இடையே நின்று இரண்டையும் நடத்தும் உட்பகுதி மட்டுமே. அதனைக் கொண்டு மட்டும் ஒருவர் தம் வீட்டில் ஒரு கடிதம்கூட எழுத இயலாது. வன்வட்டில் அதற்கு இடம் பிரிக்க வேண்டும். கோப்பு முறைமை அமைக்க வேண்டும். கட்டளை நிரல்களைச் சேர்க்க வேண்டும். மின்விசையை அழுத்தியவுடன் கருநிரல் எழுவதற்கு ஒரு வழி செய்ய வேண்டும். இவை யாவும் சேர்ந்ததே நிறுவல். யூனிக்ஸ் வகை இயங்குதளம் வீட்டுக் கணினிக்கு உரியதானதில் கருநிரலுக்கு நிகரான பங்கு நிறுவல் கருவிகளுக்கு உண்டு என்பதும், அக்கருவிகளைப் பெரும்பாலும் வேறு கைகளே ஆக்கின என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். தமிழில் ‘நிறுவுதல்’ என்னும் சொல் ஒன்றை நிலைநிறுத்துதலையும் ஒரு கூற்றை மெய்ப்பித்தலையும் ஒருங்கே குறிக்கும். அக்காலத்து நிறுவலுக்கு இவ்விரு பொருளும் பொருந்தும்.

உரிமமும் விலையும்

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸ், பல்கலைக்கழகங்களில் மூலநிரலோடு பயிலப்பட்டது. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூலநிரலை வகுப்பறையில் கற்பிப்பதைத் தடைசெய்தது. இத்தடைக்கு விடையாகவே ஆம்ஸ்டர்டாம் விரியே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்ட்ரூ டானென்பாம் தாமே ஒரு சிறு இயங்குதளத்தை எழுதி, 1987இல் பாடநூலோடு வெளியிட்டார். அதுவே மினிக்ஸ். ஐபிஎம் வகைக் கணினியில் நெகிழ்வட்டிலிருந்தே அது இயங்கியது. வணிக நோக்கில் ஸீனிக்ஸ் 1980களிலேயே சிறு கணினிகளுக்கு வந்திருந்தது. ஆனால் அதனை வாங்கியோர் அலுவலகத்தாரே. மார்க் வில்லியம்ஸ் நிறுவனத்தின் கோஹிரெண்ட் ஏறத்தாழ நூறு டாலருக்குக் கிடைத்தபோதிலும் மூலநிரல் அதனுடன் வரவில்லை. இன்டெல் 386 செயலி 1985இல் வெளிவந்தது. நினைவகப் பாதுகாப்பும் பக்கமுறையும் அமைந்த அச்செயலி வீடுகளை எட்டிய பின்னரும், பெரும்பாலும் டாஸ் இயங்குதளத்தையே சுமந்துகொண்டிருந்தது.

ஒரு கணினி, பதினாறு நெகிழ்வட்டுகள்

டோர்வால்ட்ஸ் 1991 சனவரி 5 அன்று தவணை முறையில் வாங்கிய 386 கணினியில் 4 மெகாபைட் நினைவகம் இருந்தது. அதில் அவர் மினிக்ஸைப் பதினாறு நெகிழ்வட்டுகளிலிருந்து நிறுவினார். லினக்ஸின் ஆசிரியர் ஆவதற்கு முன் அவர் ஒரு நிறுவுநர் என்பது கவனிக்கத்தக்கது. அவ்வாண்டு செப்டம்பரில் வெளியான 0.01 பதிப்பைத் தொகுத்து இயக்க மினிக்ஸ் இன்றியமையாததாக இருந்தது. அதாவது, வேறொரு வீட்டில் குடியிருந்துகொண்டே தன் வீட்டைக் கட்டவேண்டிய நிலை.

அந்நிலை மாறியது ஒரு தவறால். இணக்கிக்குச் செல்லவேண்டிய தொலைபேசி அழைப்புக் கட்டளை வன்வட்டின் மினிக்ஸ் பகுதிக்குச் சென்று அதனை அழித்துவிட்டது. மினிக்ஸை மீண்டும் நிறுவுவதா, லினக்ஸை மட்டும் நம்புவதா என்ற கேள்வியில் டோர்வால்ட்ஸ் இரண்டாவதைத் தேர்ந்தார். இதனினும் முக்கியமானது ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு வேண்டுகோள். அங்கிருந்த பயனர் ஒருவரின் கணினியில் 2 மெகாபைட் நினைவகமே இருந்தமையால் கருநிரலைத் தொகுக்க இயலவில்லை. அவர்பொருட்டு 1991 கிறிஸ்துமஸ் விடுமுறையில், நினைவகப் பக்கங்களை வட்டுக்கு மாற்றும் ஏற்பாடு எழுதப்பட்டு 0.12 பதிப்பில் இடம்பெற்றது. மினிக்ஸில் இல்லாத இவ்வசதி ஆய்வகத்தின் தேவையிலிருந்து பிறந்ததன்று. ஒரு வீட்டுக் கணினியின் வறுமையிலிருந்து பிறந்தது. வரலாற்று நூல்கள் இதனை ஒரு வேடிக்கைச் செய்தியாகவே கடந்துசெல்கின்றன. கருநிரலின் வடிவத்தையே நிறுவுநரின் இடர்ப்பாடு தீர்மானித்த இடமாக இதனைக் காண்பதே பொருத்தம்.

இரு வட்டுகளும் 508ஆம் பைட்டும்

மினிக்ஸின் துணையின்றி லினக்ஸை எழுப்பும் வழியைப் பரவலாக்கியவை எச். ஜே. லூ தொகுத்தளித்த இரு நெகிழ்வட்டுகள். முதல் வட்டில் கருநிரல். இரண்டாவதில் வேர்க் கோப்பு முறைமையும் சில கட்டளைகளும். முதல் வட்டு ஓடி முடிந்ததும் இரண்டாவதை இடச்சொல்லித் திரையில் ஒரு செய்தி தோன்றும். அதன்பின் நிறுவுநர் தம் கையாலேயே வன்வட்டில் கோப்புகளைப் படியெடுக்க வேண்டும். வேர்க் கோப்பு முறைமை இனி வன்வட்டில் உள்ளது எனக் கருநிரலுக்கு உணர்த்துவதற்கு, அதன் படிமத்தில் 508ஆம் இடத்திலிருந்த இரு பைட்டுகளைப் பதினறும எண் திருத்தி கொண்டு மாற்ற வேண்டியிருந்தது. இயங்குதளத்தைப் பயன்படுத்தும் முன்னரே அதன் உடலைத் திறந்து பார்க்க வேண்டிய காலம் அது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் கணினி மையத்தைச் சேர்ந்த ஓவன் லெ பிளாங்க் 1992 பிப்ரவரியில் வெளியிட்ட எம்சிசி இடைக்காலத் தொகுப்பு இவ்வேலையைப் பட்டித்தேர்வு வழி நிகழ்த்தியது. வட்டைப் பகுக்கும் எஃப்டிஸ்க் கருவியை லினக்ஸுக்கு எழுதியவரும் அவரே. அக்கருவியின் முதன்மையை உணர வன்வட்டின் அமைப்பை அறிதல் வேண்டும். ஐபிஎம் வகைக் கணினியின் வன்வட்டில் முதல் 512 பைட்டுகளுக்குள் தொடக்க நிரலும் நான்கே பதிவுகள் கொண்ட பகுப்பு அட்டவணையும் அடங்கியிருந்தன. வீட்டாரின் கணக்கும் கடிதமும் விளையாட்டும் டாஸ் பகுதியில் இருக்க, அதே அட்டவணையில் ஓர் எண்ணைத் தவறாக எழுதினால் அனைத்தும் போய்விடும். எனவே நிறுவுவதற்கு முன் படியெடுத்து வைத்தல் கட்டாயமாயிற்று. அதற்கும் நெகிழ்வட்டுகளே வேண்டியிருந்தன.

வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதிய லிலோ என்னும் ஏற்றி நிரல், டாஸும் லினக்ஸும் ஒரே வன்வட்டில் குடியிருக்க வழிசெய்தது. கணினி தொடங்கும்போது பயனர் எதனை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம். எனினும் பயாஸ் நிரலால் முதல் 1,024 உருளைகளுக்கு அப்பால் படிக்க இயலாமையின், கருநிரலை அவ்வெல்லைக்குள் வைக்க வேண்டியிருந்தது. இக்கருவியின் சமூகப் பொருள் அதன் நுட்பத்தினும் பெரிது என்பேன். குடும்பம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் ஒரே கணினியில், டாஸைத் துறக்காமலேயே யூனிக்ஸை அழைத்துவர அதனால் முடிந்தது.

தொகுப்பாளர் என்னும் புதிய பங்கு

பீட்டர் மெக்டொனால்டின் எஸ்எல்எஸ் தொகுப்பு 1992இல் எக்ஸ் சாளர முறைமையையும் உடன்சேர்த்து வந்தது. வரைகலைத் திரை அமைப்பதும் எளிதாயிருக்கவில்லை. திரையின் ஒத்தியக்க அதிர்வெண்களைப் பயனரே கணக்கிட்டு எழுத வேண்டும். தவறினால் திரைக்கருவி பழுதாகலாம் என அக்கால வழிகாட்டிகள் எச்சரித்தன. எஸ்எல்எஸ் பரவிய வேகத்திலேயே அதன் பிழைகளும் பரவின. அப்பிழைகளைத் திருத்தியே பாட்ரிக் வோல்கெர்டிங் 1993 சூலையில் ஸ்லாக்வேரை வெளியிட்டார். அடிப்படை, வலையமைப்பு, வரைகலை என நெகிழ்வட்டுகளை எழுத்துப் பெயரிட்ட வரிசைகளாகப் பகுத்தமையால், வேண்டிய வரிசையை மட்டும் நிறுவிக்கொள்ள முடிந்தது. அடுத்த மாதம் 16ஆம் நாள் இயன் மர்டாக் டெபியன் திட்டத்தை அறிவித்தார். அவருடைய தூண்டுதலும் எஸ்எல்எஸ்மீது கொண்ட மனக்குறையே.

இவ்விடத்தில் 386பிஎஸ்டியை ஒப்பிட்டு நோக்கலாம். வில்லியம் ஜோலிட்ஸ், லின் ஜோலிட்ஸ் இணையரால் 1992 சூலை 14 அன்று அதன் 0.1 பதிப்பு வெளியாயிற்று. பெர்க்லியின் நீண்ட மரபைப் பெற்றிருந்தமையால் அன்றைய லினக்ஸைவிட அது முதிர்ந்தது. அது முன்னரே கிடைத்திருப்பின் லினக்ஸ் தோன்றியிராது என டோர்வால்ட்ஸே பின்னர்க் கூறியுள்ளார். பிஎஸ்டியின் பின்னடைவுக்கு 1992இல் தொடங்கி 1994இல் தீர்ந்த யூனிக்ஸ் உரிமை வழக்கையே ஆய்வாளர் காரணமாகக் காட்டுவர். அது மறுக்கத்தக்கதன்று, எனினும் முழுக் காரணமும் அன்று. 386பிஎஸ்டிக்குப் பயனர்கள் எழுதிய திருத்தங்கள் மூலப் பதிப்பில் இடம்பெறாமல் தனித் தொகுதியாகத் திரண்டன; அவ்விலகலிலிருந்தே 1993இல் நெட்பிஎஸ்டியும் ஃப்ரீபிஎஸ்டியும் பிரிந்தன. லினக்ஸிலோ தொகுப்பாளர்கள் கருநிரலாசிரியரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் ஒருவர் தொகுப்பை மற்றவர் திருத்தி வெளியிட்டனர். 1992 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குனு பொது உரிமம் அதற்கு இடமளித்தது.

டோர்வால்ட்ஸ் தம் கருநிரலை 1.0 எனப் பெயரிட்டு வெளியிட்ட நாள் 1994 மார்ச் 14. அதற்குள் மான்செஸ்டர் தொகுப்பு வெளிவந்து இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. ஸ்லாக்வேரின் முதல் பதிப்புக்கு எட்டு மாதங்கள் ஆகியிருந்தன.