'விசாரணை': அடி வாங்குபவரின் பக்கத்தில் ஒரு கமரா

தமிழ் சினிமாவில் அடிப்பது நாயகன், விசிலடிப்பது ரசிகன். வெற்றிமாறனின் 'விசாரணை' கமராவை அடி வாங்குபவரின் பக்கம் திருப்பியது. மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' நாவலைத் தழுவிய இப்படம் 2015இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது.

குண்டூருக்குப் பிழைக்கப்போன தமிழ் இளைஞர்களை, செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லிப் பொலிஸார் அடிக்கிறார்கள். அடிப்பவருக்குத் தனிப்பட்ட பகை இல்லை, வழக்கை முடிக்கவேண்டும். நீதிமன்றில் தமிழ்ப் பொலிஸ் அதிகாரி ஒருவர் மொழிபெயர்த்த பிறகே உண்மை வெளிவருகிறது.

அக்கராயனில் இருந்து பார்ப்பவருக்கு இது தூரத்துக் கதையல்ல. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கிறது. வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதப்பட்ட தாள்களில் கையெழுத்திட்ட தமிழர் பலர். அந்தக் கையெழுத்தை வைத்தே தண்டனை பெற்றவர்களும் உண்டு.