பேச்சிப்பாறையில் எத்தனை அடி?

ஓர் ஐப்பசி மாதம் குழித்துறையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். இரண்டு நாள் மழை அப்போதுதான் ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்தது. டீக்கடையில் ஒதுங்கி நின்ற பெரியவர் ஒருவரிடம், "மழை விட்டுவிட்டது, இனிப் பயமில்லை" என்றேன். அவர் சிரித்தார்.

"மழ விட்டா போதுமா சார்? பேச்சிப்பாறையில எத்தன அடின்னு கேளுங்க" என்றார்.

அந்தக் கேள்விக்குள் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது.

குழித்துறையின் ஆற்றுக்கும் தாமிரபரணி என்றுதான் பெயர். திருநெல்வேலிப் பொருநை கிழக்கே ஓடுகிறது. இது மேற்கே ஓடுகிறது. கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறையைக் கடந்து, தேங்காய்ப்பட்டணத்தில் அரபிக்கடலைச் சேர்கின்றன.

மலைத் தண்ணீர் இப்படி மேற்கே போய்விடுகிறதே என்ற ஏக்கம் நாஞ்சில் நாட்டுக்கு நெடுங்காலமாக உண்டு. பறளியாற்றை மறித்துப் பழையாற்றுக்குத் திருப்பிய பாண்டியன் அணையை இராஜசிம்ம பாண்டியனோடு சேர்த்துச் சொல்வது மரபு. 1897இல், மூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், மிஞ்சின் என்ற எஞ்சினீயர் கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையைக் கட்டத் தொடங்கினார். 1906இல் வேலை முடிந்தது. அவர் அடக்கமானதும் பேச்சிப்பாறையிலேதான். பின்னர் 1950களின் தொடக்கத்தில் பறளியாற்றில் பெருஞ்சாணி அணை எழுந்தது. நாஞ்சில் வயல்கள் விளைந்தன. அந்தச் சோற்றை உண்டவர்களில் நானும் ஒருவன், நன்றி மறக்கலாகாது.

ஆனால் இவை வயலுக்காகப் பிறந்த அணைகள். நிறைந்து நிற்பதுதான் இவற்றுக்குப் பெருமை. வெள்ளத்தைப் பிடித்து வைக்க வேண்டுமானால் அணையில் காலி இடம் இருக்க வேண்டும். இந்தச் சீமைக்கோ ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. முதல் மழையில் வயிறு நிறைந்த அணை, இரண்டாவது மழையை எங்கே வைத்துக்கொள்ளும்? பேச்சிப்பாறையின் முழு மட்டம் 48 அடி. தண்ணீர் அதை நெருங்கினால் மதகைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை. திற்பரப்பு அருவியில் குளிப்பவர்களைக் கரையேறச் சொல்வார்கள். அடுத்து, குழித்துறைச் சப்பாத்துப் பாலத்தின் மேல் செந்நீர் புரளும்.

2021 நவம்பரில் இதுதான் நடந்தது. அடைமழை, அணைகளிலிருந்து உபரி நீர், பாலம் மூழ்கியது. தாழ்ந்த கரைகளில் வீட்டுக்குள் ஆறு வந்தது. நாகர்கோவில், திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றன.

அணையின் மேல் பழியைப் போடுவது சுலபம். அணை எழுவதற்கு முன்பும் இந்த ஆறு பெருகத்தான் செய்தது. ஆடி அமாவாசையில் பிதுர்க்கடன் கழிக்க ஊரே கூடும் கரை இது. வாவுபலித் திருவிழா அதனால்தான் இங்கே நடக்கிறது. ஆற்றோடு பழகியவர்கள் அதற்கென்று கொஞ்சம் இடம் விட்டுவைத்தார்கள். அந்த இடத்தில் நாம் வீடு கட்டிக்கொண்டோம்.

பெரியவரின் மகள் வீடும் அப்படி ஒரு தாழ்ந்த கரையில்தான் என்று பேச்சில் தெரிந்தது. "அணையை நிறைக்காமல் வைத்திருக்கச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"வயலுக்குத் தண்ணி வேணும்லா சார்? நெறச்சு வைக்கட்டும். தொறக்கதுக்கு ஒரு நேரம் முன்ன சொன்னா போதும். பிள்ளையளையும் ஆட்டையும் மேட்டுக்கு ஏத்திருவோம்."

டீக்கடைப் பையன் போனைக் காதிலிருந்து எடுத்து, "நாப்பத்தி மூணு" என்றான். பெரியவர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் நடந்தார்.